பேப்பரக்கா

அவருடைய ஞானஸ்நானப் பெயர் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அந்தப் பெயரைக் கூப்பிடுவார். "வந்திருக்கேங்க" என்று ஒரு குரல் வரும். அதோடு அந்தப் பெயரின் வேலை அன்றைக்கு முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் கங்காணி முதல் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பேப்பரக்கா.

எங்கள் தேயிலைத் தோட்டம் கந்தப்பளைக்கு மேலே இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக நான் அங்கே போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அவருக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வரிசை வீடுகளான லயங்களில் மூன்றாவதில், கோடியில் இருந்த ஒற்றையறைக் காம்பரா அவருடையது. அவருடைய அப்பா தோட்டத்து மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். மகளுக்கு வேதப் புத்தகத்தை வைத்தே எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். கொழுந்தெடுக்கிற பெண்களில் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கடையில் சீனியும் கருவாடும் சுற்றிக் கொடுத்த தாள்களைத்தான் அவர் படித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, நீவி, காயவைத்து, ஓரம் முதல் ஓரம் வரை படித்துவிட்டு, கோதுமை மாப்பசை காய்ச்சிக் காம்பராச் சுவரில் ஒட்டுவார். மழைக்காலத்தில் அந்தச் சுவர் வெடிப்புகளின் வழியாக வரும் குளிருக்கு அது ஒரு தடுப்பு. ஆனால் தேதி கிழிந்துபோன தாளை ஒட்டமாட்டார். "எப்பன்னு தெரியாத சேதிய வச்சு என்னா பண்றது?" என்று அதை அடுப்பில் போடுவார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் என்ன சேதி சொன்னாலும் கேட்டுமுடித்துவிட்டு, சண்டைக்கு இழுக்காத ஒரு மெல்லிய குரலில், "யாரு பாத்தா?" என்பார்.

ஏழாம் நம்பர் மலையில் சிறுத்தை வந்தது என்றாலும் அதே கேள்விதான், அரிசி குறைக்கப்போகிறார்கள் என்றாலும் அதே கேள்விதான். இந்தக் கேள்வியால் அவருக்கு நல்லது நடந்ததாகச் சொல்லமுடியாது. சொந்தத் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர் என்று தரகர் சொன்னார். வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது பேப்பரக்கா, "யாரு பாத்தாங்க?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பையன் உண்மையாகவே கிளாக்கர்தான். தங்கை பிறகு திம்புள்ளப் பக்கம் வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அக்காவோடு பேசுவதில்லை.

"நான் பொய்யின்னு சொல்லல மாஸ்டர். கேக்கத்தான் செஞ்சேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் கேட்டது தப்பு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அவரை நான் முதலில் மதித்தது ஐம்பத்தெட்டில். நாட்டில் கலவரம். பேப்பர்களுக்குத் தணிக்கை போட்டிருந்தார்கள். ஒருநாள் தபால் பையில் வந்த பேப்பரைப் பார்த்துவிட்டு, "கலவரச் சேதி ஒண்ணுமே இல்ல. அடங்கிருச்சு போல" என்று நான் நிம்மதியாகச் சொன்னேன். பேப்பரக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளம்பரமும் வெள்ளை இடமுமாக இருந்தது.

"நேத்து வரைக்கும் இருந்த சேதி இன்னிக்கு ஒரேயடியா இல்லாமப் போவுமா மாஸ்டர்? இதுல ஒண்ணுமில்ல. அப்ப வெளிய என்னமோ இருக்கு."

அவர் பேச்சைக் கேட்டு அந்த வாரம் யாரும் பஸ் ஏறவில்லை. பிற்பாடு, டவுனுக்குப் போகிற பாதையில் பஸ்களை மறித்தார்கள் என்று அதில் அடிபட்டு வந்த ஒருவரே சொன்னார்.

அதற்கு நாலு வருடம் கழித்து இந்தியாவின் வடக்கு எல்லையில் சீனாவோடு போர் வந்தது.

அந்தப் போருக்கும் எங்கள் தேயிலை மலைக்கும் என்ன தொடர்பு என்று இன்று கேட்கலாம். அன்று எங்கள் லயங்களில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது. இந்த நாடு எங்களைக் கழித்துவிட்டிருந்தது. அந்த நாடு எங்களை எழுதிக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் "நம்ம நாட்டுக்கு ஆபத்து" என்று ரேடியோவில் ஒரு தமிழ்க் குரல் சொன்னபோது, "நம்ம" என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே சனங்கள் கடை வாசலில் குவிந்தார்கள்.

மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் நான் பேப்பர் படித்தேன். அறுபது எழுபது பேர் ஈரக் கம்பளியோடு நின்று கேட்பார்கள். எனக்கு அதில் ஒரு போதை வந்துவிட்டது. "எதிரிக்குச் சேதம்" என்று அச்சிட்டிருந்தால் "எதிரி சின்னாபின்னமானான்" என்று படிப்பேன். கைதட்டுவார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டிப் படிப்பேன்.

முன்வரிசையில் எப்போதும் மருதாயம்மா இருப்பார். அவருடைய ஒரே மகன் ஐந்து வருடத்துக்கு முன்னால் திருச்சிப் பக்கம் தாய்மாமன் வீட்டுக்குப் போனவன், அங்கே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். துப்பாக்கி தூக்குகிற பிரிவு இல்லை, எல்லை மலைகளில் ரோடு போடுகிற பிரிவு. மாதம் ஒரு கடிதம் வரும். போர் தொடங்கியதிலிருந்து கடிதம் இல்லை.

ஒருநாள் கூட்டம் கலைந்தபிறகு பேப்பரக்கா மட்டும் நின்றார். கையில் நாலைந்து நாள் பேப்பர்கள்.

"மாஸ்டர், போன கெழம நம்மாளுங்க உறுதியா நிக்கிறாங்கன்னு படிச்சீங்களே, அது எந்த ஊரு?"

"தவாங்."

"இன்னிக்கு உறுதியா நிக்கிறது?"

"சேலா."

பேப்பரிலேயே ஒரு சின்ன நிலப்படம் போட்டிருந்தார்கள். அதைத் தரையில் விரித்து, கூடையிலிருந்து இரண்டு கொழுந்துக் காம்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் இரண்டு ஊரிலும் ஒவ்வொன்றை வைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"மொத ஊரு மேல இருக்கு. ரெண்டாவது கீழ இருக்கு. வெரட்டுறவங்க மேல போவாங்களா, கீழ வருவாங்களா?"

"புதிய நிலைகளில் அணிவகுத்தன அப்படின்னு போட்டிருக்கு அக்கா."

"அது சரி. தெனமும் உறுதியா நின்னுக்கிட்டே கீழ வர்றாங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் படித்திருந்தேன்.

ஆனாலும் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் தலவாக்கலைக்குப் போயிருந்தபோது ஒரு வாரப் பத்திரிகை வாங்கிவந்தேன். உள்ளே அரைப்பக்கத்துக்கு ஒரு புகைப்படம். மலைப்பாதையில் கோவேறு கழுதையை நடத்திக்கொண்டு மூன்று சிப்பாய்கள் வருகிறார்கள். நடுவில் இருப்பவன் தலையில் கட்டு. சிரிக்கிறான். "எதிரியின் காவல் நிலையைக் கைப்பற்றித் திரும்பும் நம் வீரர்கள்" என்று கீழே எழுதியிருந்தது.

பத்திரிகை கைக்குக் கை போயிற்று. மருதாயம்மா அதை முகத்துக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தத் தலைக்கட்டுக்காரன்மேல் விரலை வைத்தார்.

"மாஸ்டர், இது எம் புள்ளதானே?"

அவனோடு நான் நேரில் அதிகம் பழகியதில்லை. நான் வந்த வருடமே அவன் போய்விட்டான். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். சுற்றி அறுபது முகங்கள் என்னைப் பார்த்தன.

"அப்படித்தாம்மா இருக்கு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்சங்கத் தலைவர் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் போட்டார். படத்தை அட்டையில் ஒட்டி மாலை போட்டார்கள். மருதாயம்மாவுக்கும் மாலை. "வீரத்தாய்" என்று தலைவர் சொன்னபோது அந்த அம்மா யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார். அதுவரை தினமும் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் போய், "பட்டாளத்து ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர் மறுநாளிலிருந்து போகவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பேப்பரக்கா வந்தார். "மாஸ்டர், கொஞ்சம் காம்பரா வரைக்கும் வாங்க."

அவர் அப்பாவின் தகரப் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. மூடியைத் திறந்தார். உள்பக்கத்தில் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. அதே பாதை, அதே கழுதை, அதே தலைக்கட்டு, அதே சிரிப்பு. ஆனால் இந்தப் படம் அகலமாக இருந்தது. வலது பக்கம் ஒரு மூங்கில் புதர் தெரிந்தது. வாரப் பத்திரிகையில் அந்தப் பக்கத்தை வெட்டியிருந்தார்கள். கீழே "பர்மா முனையில்" என்று இருந்தது. தேதி, வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்ட காலத்துத் தேதி.

நான் தேதியை மறுபடி படித்தேன். அவர் சொன்னார்.

"நேத்து கூட்டத்துல பாத்ததும் எங்கயோ பாத்த மூஞ்சியாத் தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து பொட்டியத் தொறந்தேன். இந்தப் படம் எடுத்தப்ப மருதாயக்கா மவனுக்கு அஞ்சாறு வயசு இருக்கும்."

"அக்கா, இத யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஒரு மாசமா சரியா சாப்பிடாம கெடந்தவங்க, இப்பத்தான் சோறு திங்கிறாங்க."

"அது எனக்குந் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அந்தப் படம் வர்றதுக்கு முந்தி தெனம் கடுதாசி எழுதச் சொல்லிக் கேட்டாங்க. இப்பக் கேக்கல. எங்கயோ அவன் அடிபட்டுக் கெடந்தா? ஆஸ்பத்திரியில ஊரு பேரு சொல்ல முடியாமக் கெடந்தா? தேடுறதுக்கு இவங்க ஒருத்தர்தான் இருக்காங்க. அந்தப் படம் இவங்க வாய அடைச்சிருச்சு மாஸ்டர்."

நான் மறுபடியும், பொறுங்கள் என்றேன். "அப்படித்தாம்மா இருக்கு" என்று சொன்னவன் நான். படம் பொய் என்றால் என் வாயும் பொய். என் பயம் அதுதான். பேப்பரக்காவுக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு நாள் அவர் பேப்பர் கேட்க வரவில்லை. மூன்றாம் நாள் மாலை பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மருதாயம்மா காம்பராவுக்குப் போனார். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துச் சொன்னது இது. மருதாயம்மா மூடியைப் பார்த்தார். தன் வீட்டுச் சாமிபடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த அட்டையைப் பார்த்தார். திரும்ப மூடியைப் பார்த்தார். பிறகு நகத்தாலேயே அந்தப் பழைய படத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்துவிட்டார்.

"எம் புள்ளைய சாவடிக்க வந்தியா நீ?"

"சாவடிக்க வரலக்கா. அந்தப் படத்துல இருக்கிறது அவன் இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் எங்க இருக்கான்னு தெரியாது. கேட்டு எழுதுவோம்."

"போ வெளிய!"

விஷயம் லயமெல்லாம் பரவியது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அவருக்கு முறை விடமாட்டார்கள். கொழுந்து மலையில் அவருக்குப் பக்கத்து நிரையில் நிற்க யாரும் இல்லை. "சீனாக்காரி" என்று யாரோ ஒருவர் சொன்னார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். தலைவர் ஒரு நாள் கூட்டத்தில் வெளிப்படையாகவே, "நம்ம தோட்டத்துக்குள்ளயே எதிரிக்கு ஆளு இருக்கு" என்றார். பெட்டி மூடியில் அந்தப் படத்தை என் கண்ணால் பார்த்தவன் நான். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசிய பொய்களைவிட அந்த மௌனம்தான் எனக்கு அதிகமாக ஞாபகம் வருகிறது.

யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். ஒருநாள் பகலில் ஒரு சிங்களப் போலீஸ் சார்ஜனும் ராலகாமி என்கிற கான்ஸ்டபிள் ஒருவரும் வந்து பேப்பரக்காவின் காம்பராவைச் சோதனை போட்டார்கள். சீனப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். சுவர் முழுக்கப் பேப்பரைப் பார்த்துச் சார்ஜன் கொஞ்சநேரம் திகைத்து நின்றாராம். பிறகு ஓரிடத்தில் குனிந்து, கழுத்தைத் திருப்பி, உரக்கச் சிரித்துவிட்டார். அங்கே ஒரு சிங்களப் பேப்பர் தலைகீழாக ஒட்டியிருந்தது.

"அனே அம்மே, இது தலைகீழ்" என்றார் உடைந்த தமிழில்.

"எனக்கு அந்த எழுத்துத் தெரியாதுங்க. தேதி மட்டும் என்னான்னு பாத்துச் சொல்றீங்களா?"

சார்ஜன் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்துத் தேதியைப் படித்துச் சொன்னார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அதற்குள் போர் நின்றுவிட்டது. சேலாவும் போயிருந்தது, அதற்குக் கீழே இன்னொரு ஊரும் போயிருந்தது. சீனாக்காரன் தானாகவே திரும்பிப் போகிறான் என்று பேப்பரில் வந்தது. பள்ளிக்கூட வாசலில் கூட்டம் குறைந்தது. பிறகு நின்றது. மருதாயம்மாவுக்கு மட்டும் கடிதம் வரவில்லை. சிரித்துக்கொண்டு திரும்பி வந்தவன் ஏன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதவில்லை என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. தனக்குள்ளேயே கேட்டிருக்க வேண்டும்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"மாஸ்டர், பட்டாளத்து ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதணும்."

"எழுதிடுவோம்மா. உக்காருங்க."

"இங்க வேணாம். அவ காம்பராவுல வச்சு எழுதுங்க. அவ பக்கத்துல இருக்கணும்."

இருவரும் போனோம். மருதாயம்மா வாசலில் தயங்கினார். பேப்பரக்கா, "வாங்கக்கா" என்று பலகையை எடுத்துப் போட்டார். நடந்துபோனது பற்றி இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான் இங்கிலீஷில் எழுதி, எழுதியதைத் தமிழில் சொன்னேன். மகனின் பெயர், அவன் கடைசியாகக் கடிதம் போட்ட தேதி, அவன் இடது புருவத்தில் உள்ள தழும்பு. எல்லாம் சரிதானா என்று பேப்பரக்கா ஒவ்வொன்றாக மருதாயம்மாவிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டபிறகுதான் உறையை ஒட்டவிட்டார்.

பங்குனியில் பதில் வந்தது. நீள உறை. மருதாயம்மா அதை உடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொழுந்தெடுத்திருக்கிறார். மாலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது இருவரும் அந்தக் காம்பராவில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"மாஸ்டர் படிக்கட்டும்" என்றார் மருதாயம்மா. பேப்பரக்காவின் பக்கம் திரும்பி, "அவரு கூட்டிச் சொன்னாருன்னா நீ எனக்குச் சொல்லிரு" என்றார்.

பேப்பரக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அது மருதாயம்மாவுக்கும் தெரியும்.

டைப் அடித்த நாலு வரி. உங்கள் மகன் இன்ன இடத்தில், இன்ன தேதியில், பணியில் இருக்கும்போது கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. தகவல் தாமதமானதற்கு வருந்துகிறோம். அவருடைய உடைமைகள் எதுவும் இல்லை. நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தேதி, போர் தொடங்கிய முதல் வாரத்துத் தேதி. பள்ளிக்கூட வாசலில் நின்று "உறுதியாக நிற்கிறார்கள்" என்று நான் கத்திய முதல் நாளிலேயே அவன் இல்லை.

மருதாயம்மா அழவில்லை. "வலிச்சிருக்குமா மாஸ்டர்? அது எழுதியிருக்கா?" என்றார்.

வலியில்லாமல் போய்விட்டானாம் என்று சொல்ல என் நாக்கு எழுந்துவிட்டது. பேப்பரக்கா என்னைப் பார்க்கவே இல்லை. என் கையிலிருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதலம்மா" என்றேன். "நாலு வரிதான் இருக்கு."

அந்த அம்மா தலையசைத்தார். "அதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க. வச்சுக்கிறேன்."

எழுதினேன். பேப்பரக்கா அதை வாங்கி மெதுவாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"வீரமரணம்னு எழுதியிருக்கீங்க. அந்த வார்த்தை அதுல இருக்கா மாஸ்டர்?"

"இல்லக்கா. கொல்லப்பட்டார்னுதான் இருக்கு."

"அப்ப அதையே எழுதுங்க."

அடித்துவிட்டு மேலே எழுதப் போனேன். "அடிச்ச தாளு வேணாம்" என்றார் மருதாயம்மா. வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன். அவர் அதை வாங்கி, மடித்து, மடியில் சொருகிக்கொண்டு, பேப்பரக்காவின் தோளில் சாய்ந்தார். அப்போதுதான் குரல் எழும்பியது.

சத்தம் கேட்டு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சீனாக்காரி என்று சொன்னவர்களும் வந்தார்கள். பேப்பரக்கா எழுந்துபோய் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்தார். வருகிறவர்கள் என்னவென்று கேட்கும்போதெல்லாம் மருதாயம்மா மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்று மாலை ஏழெட்டுத் தடவை அதைப் படித்தேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.